கார் கதவின் மின்பூட்டு மக்கர் செய்கிறதா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் பூட்டிக்கொள்கின்றன, நான்காவது அசைய மறுக்கிறது. அல்லது பூட்டுகிறது, திறக்க மாட்டேன் என்கிறது. இந்தத் தொல்லை வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் புதிய பூட்டு மோட்டார் ஒன்றை வாங்கிவிடுவது. அதை மாட்டிய பிறகும் கதவு பழையபடியே நின்றால்தான் பழுது வேறு எங்கோ என்று தெரியவரும். கதவின் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், காதாலும் கையாலும் மட்டுமே பழுது எந்தப் பக்கம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஸ்க்ரூடிரைவருக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

கதவின் விளிம்பில் இருந்துகொண்டு, காரின் தூணில் உள்ள இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்ளும் பொறிக்கு லாட்ச் என்று பெயர். கதவு மூடியபடி இருப்பது அதன் பிடியால். கைப்பிடியை இழுத்தாலும் அந்தப் பிடி விடாதபடி உள்ளே ஒரு சிறு நெம்புகோலை நகர்த்திவிடுவதைத்தான் பூட்டுதல் என்கிறோம். அதை நகர்த்தும் பெட்டி ஆக்சுவேட்டர். அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு 12 வோல்ட் டிசி மோட்டார், சில பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கும். கதவு மூடியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று தகவல் அனுப்பும் குட்டி ஸ்விட்சுகளும் பல கார்களில் உண்டு. பழைய கார்களில் ஆக்சுவேட்டர் தனியாக நின்று ஒரு கம்பியின் மூலம் லாட்சை இயக்கும். புதிய கார்களில் பெரும்பாலும் இரண்டும் ஒரே உறுப்பு. சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

மோட்டாருக்குப் போவது இரண்டே வயர்கள். வழக்கமான அமைப்பில், சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்துடன் இணைந்திருக்கும். பூட்டச் சொன்னால் ஒரு வயரில் 12 வோல்ட் வரும். திறக்கச் சொன்னால் மற்றதில் வரும். மின்னோட்டம் திசை மாறுவதால் மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. இந்த ஒரு விஷயம் மனத்தில் இருந்தால் தேடும் வேலை பாதியாகக் குறையும். பூட்டுகிறது, திறக்கவில்லை என்றால் அந்த இரு வயர்களும் அறுந்திருக்க வாய்ப்பில்லை. ஒன்று அறுந்திருந்தாலும் இரண்டு திசையிலுமே மோட்டார் நின்றுபோயிருக்கும். எனவே சந்தேகப்பட வேண்டியது ஸ்விட்சையும், அது சொன்னபடி மோட்டாருக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும் ரிலேயையும், அல்லது ஒரு திசையில் மட்டும் இறுகிப்போன லாட்சையும் களைத்துப்போன மோட்டாரையும்தான்.

எல்லாக் கார்களிலும் மோட்டார் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ123, டபிள்யூ124 வரிசைகளில் பூட்டுகளை இயக்குவது காற்று வெற்றிடம். அங்கே தேட வேண்டியது விரிசல் விட்ட ரப்பர் குழாயை. அது வேறு வகை வேலை.

எல்லாக் கதவுகளும் ஒரேயடியாக நின்றுவிட்டால்

இது நல்ல செய்தி. நான்கு மோட்டார்கள் ஒரே நாளில் சாவதில்லை. பெரும்பாலும் கதவுகளைத் தொடவே வேண்டியிருக்காது.

ரிமோட்டுக்குக் கேட்காமல், காருக்குள் இருக்கும் ஸ்விட்சுக்குக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி ரிமோட்டின் பேட்டரி. பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். ஒல்லியான சிஆர்2025-ஐ அதே இடத்தில் திணிப்பவர்கள் உண்டு. தொடர்பு தளர்ந்து, அது நினைத்தபோதுதான் வேலை செய்யும். மூடியைத் திறந்தால் பழைய பேட்டரியின் எண்ணைப் பார்த்து அதையே போடுங்கள்.

ரிமோட், ஸ்விட்ச் இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் ஃபியூஸ். கார்க் கையேட்டில் பூட்டுக்கான ஃபியூஸ் எந்த எண் என்று இருக்கும். கத்தி வடிவ ஃபியூஸ்களில் நிறம்தான் அடையாளம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது. எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் இன்னொன்று போடுங்கள். புதியதும் உடனே எரிந்தால் பெரும்பாலும் எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து காரின் உடலைத் தொடுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் இன்னும் பெரிய ஃபியூஸைப் போடுவது வயரையே ஃபியூஸாக மாற்றும் வேலை. வயர்தான் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஓட்டுநர் கதவின் ஸ்விட்ச் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றப் பக்கத்து ஸ்விட்ச் வேலை செய்கிறது என்றால் முதல் சந்தேகம் அந்த ஸ்விட்ச்மீதுதான். எதற்குமே பதில் இல்லாமல், ரிலேயும் சரியாக இருந்தால் மிஞ்சுவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதை வீட்டில் பிரிக்காதீர்கள். மாற்றினாலும் காருக்குப் பொருத்தமாக நிரல் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரு கதவு மட்டும் என்றால்

பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லை, வெளியிலிருந்து திறக்கிறது என்பதுதான் உங்கள் புகாரா? கதவின் விளிம்பில் உள்ள குழந்தைப் பூட்டைப் பாருங்கள். யாரோ அதைத் தட்டிவிட்டிருக்கலாம். சிரிக்க வேண்டாம், இதற்காகவே கதவைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

அது இல்லையென்றால் அமைதியான இடத்தில் காரை நிறுத்தி, இன்ஜினையும் ரேடியோவையும் அணைத்து, பழுதான கதவில் காதை வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்விட்சை அழுத்தச் சொல்லுங்கள். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் செத்துவிட்டது. மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, பூட்டு நகரவில்லை என்றால் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது, அல்லது கம்பி கழன்றிருக்கிறது. சோர்வான ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, பூட்டு பாதி தூரம் போய் நின்றால் மோட்டாருக்குத் தெம்பில்லை, அல்லது லாட்சில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய எளிய வழி: உள்பூட்டின் குமிழையோ சாவியையோ கையால் இயக்கிப் பாருங்கள். மற்றக் கதவுகளைவிடக் கடினமாக இருந்தால் லாட்ச்தான். கிரீஸில் தீர்ந்துவிடக்கூடிய வேலை.

ஒரு எச்சரிக்கை. சோதனை செய்கிறேன் என்று ஸ்விட்சைத் தொடர்ந்து பத்து இருபது தடவை அழுத்தினால் நன்றாக இருக்கும் பூட்டும் நின்றுவிடும். மோட்டார் எரிந்துவிடாமல் இருக்க, சூடானால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு பல கார்களில் இருக்கிறது. சிறிது நேரம் ஆறவிட்டால் திரும்ப உயிர்பெறும். அதைப் பழுது என்று எண்ணி அலையாதீர்கள்.

கீலுக்கு நடுவே உள்ள ரப்பர் குழாய்

கதவைத் திறந்தால் கீல்களுக்கு இடையில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். காரின் உடலிலிருந்து கதவுக்குள் போகும் அத்தனை வயர்களும் அதன் வழியாகத்தான் செல்கின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை மடங்கி நிமிர்கின்றன. அதிகம் திறக்கப்படுவது ஓட்டுநர் கதவு என்பதால் முதலில் நைந்துபோவதும் அங்கேதான். கதவு திறந்திருக்கும்போது பூட்டு வேலை செய்து, மூடியதும் செத்துப்போகிறதா? அல்லது பூட்டோடு சேர்ந்து கண்ணாடி, ஸ்பீக்கர், பக்கவாட்டுக் கண்ணாடியின் மோட்டார் என ஏதாவது ஒன்றும் மக்கர் செய்கிறதா? அப்படியானால் கதவுக்குள் போகாமல் இந்தக் குழாயைப் பாருங்கள்.

குழாயின் ஒரு முனையை விரலால் நெம்பி, அதன் பள்ளத்திலிருந்து விடுவித்துப் பின்னுக்குத் தள்ளுங்கள். சில கார்களில் அந்த முனையில் கனெக்டரே இருக்கும். அதைக் கழற்றினால் இன்னும் வசதி. டார்ச் அடித்து ஒவ்வொரு வயராகப் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் முழுசாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கும் வயர், மற்றவை போல விறைப்பாக நிற்காது. இழுத்த இடத்தில் மென்மையாக நீளும், தோல் அங்கே சற்றுச் சுருங்கி மெலியும். அதை வெட்டினால் உள்ளே பச்சை பூத்த செம்பு இழைகள் முறிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

இதைச் சரிசெய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. அறுந்த இரு முனைகளை அதே இடத்தில் முறுக்கி, சால்டர் செய்து, டேப் சுற்றிவிட்டால் அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் சால்டர் ஊறிய இடம் விறைத்துவிடுகிறது. கதவு ஆடும்போது வளைவு முழுவதும் அந்த விறைப்பின் ஓரத்தில் விழுந்து, அங்கேயே மறுபடி முறியும். அதனால் மடங்கும் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய இழைகள் பல கொண்ட, அதே பருமனுள்ள புதிய வயரை இடையில் சேருங்கள். இணைப்புகள் குழாய்க்கு வெளியே, ஆடாத பகுதியில் விழ வேண்டும். கிரிம்ப் ஸ்லீவ் (வயர் முனைகளை அழுத்தி இணைக்கும் சிறு உலோகக் குழல்) போட்டு அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடலாம். இரண்டு மூன்று வயர்கள் அறுந்திருந்தால் எல்லா இணைப்புகளும் ஒரே இடத்தில் குவியாதபடி முன்னும் பின்னுமாக வையுங்கள். கதவை முழுக்கத் திறந்து வயருக்குப் போதிய தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரப்பர் முனையைப் பள்ளத்தில் உட்காரவையுங்கள். அது சரியாக உட்காராவிட்டால் மழைநீர் காருக்குள் வரும்.

கதவைப் பிரிப்பது

வயர் நன்றாக இருந்தால் இனிக் கதவைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. தேவைப்படுபவை: நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், ஆறு முனை நட்சத்திரத் தலையுள்ள திருகாணிகளுக்கான டார்க்ஸ் பிட்டுகள் (லாட்ச் திருகாணிகளுக்குப் பல கார்களில் டி30 என்ற அளவு பொருந்தும்), சாக்கெட் செட், கதவின் உள்பலகையை நெம்ப ஒரு பிளாஸ்டிக் நெம்பி, மல்டிமீட்டர், பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப், வெள்ளை லித்தியம் கிரீஸ், கையுறை. கையுறையை அலட்சியம் செய்யாதீர்கள். கதவுக்குள் இருக்கும் தகட்டு விளிம்புகள் கத்திபோல வெட்டும்.

கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றி, டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டிவிடுங்கள். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஒரு கதவைத் திறந்தே வையுங்கள். பூட்டோடு விளையாடும்போது கார் தானாகப் பூட்டிக்கொள்வது புதிதல்ல. பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, ஏர்பேக் அமைப்பில் தேங்கிய மின்சாரம் வடிய கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். பத்து நிமிடம் விட்டால் கவலையில்லை. ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் கார் என்றால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முனையைக் கழற்றும் முன்பே பாருங்கள்.

கதவின் உள்பலகையைப் பிடித்திருக்கும் திருகாணிகள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். உள்கைப்பிடிக்குப் பின்னால் உள்ள கிண்ணத்தில், கையால் இழுத்து மூடும் பிடிக்குள், சிறு பிளாஸ்டிக் மூடிகளுக்குக் கீழே, பக்கவாட்டுக் கண்ணாடிக்கு உள்புறம் இருக்கும் முக்கோண மூடியின் பின்னால் என்று தேடுங்கள். எல்லாவற்றையும் கழற்றியாயிற்று என்று உறுதியானதும் கீழ் ஓரத்தில் நெம்பியைச் செருகி, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே நெம்புங்கள். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் நெம்பினால் பலகைதான் உடையும். ஏதோ ஓர் இடம் மட்டும் பிடிவாதமாக இருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். அங்கே இன்னொரு திருகாணி இருக்கிறது. கிளிப்புகள் வந்தபின் பல கார்களில் பலகையை மேல்நோக்கித் தூக்கினால் கழன்றுவிடும். உடனே இழுத்துவிடாமல், பின்னால் உள்ள கைப்பிடிக் கேபிளையும் ஸ்விட்ச் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக விடுவியுங்கள்.

அடுத்து வருவது, கறுப்புக் கோந்துப் பிசின் வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் தாள். இதைக் கிழித்துவிட்டு, ‘எதற்கு இது, குப்பை’ என்று வீசியவர்களின் காரில்தான் அடுத்த மழையில் தரைவிரிப்பு ஊறும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் நீரைக் கீழே உள்ள துளைகளுக்கு அனுப்புவது அந்தத் தாள்தான். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கைத் தூண்டும் அழுத்த உணரி கதவின் குழிக்குள் இருக்கிறது. அங்கே தாளில் ஓட்டை விழுந்தால் உணரியின் கணக்கே மாறிவிடும். ஆகவே பிசினைக் கத்தியால் நீளவாக்கில் அறுத்து, தேவையான மூலையை மட்டும் முழுசாக உரித்து ஒதுக்குங்கள். அந்த உணரியின் கனெக்டரை மட்டும் கழற்றாமல் விடுங்கள்.

மின்சாரம் வருகிறதா?

லாட்சுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரியைத் திரும்ப இணையுங்கள். இக்னிஷன் மட்டும் அணைந்தே இருக்கட்டும், பூட்டுக்கு அது தேவையில்லை. கழற்றிய கனெக்டரின் வயர் பக்கத்தில், மோட்டாருக்குப் போகும் இரு முனைகளுக்கு நடுவே டெஸ்ட் லேம்பை வைத்துக்கொண்டு ஸ்விட்சை அழுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் வரும். டிஜிட்டல் மல்டிமீட்டர் அதைத் தவறவிட்டு ஏதோ ஓர் எண்ணைக் காட்டலாம். பல்பு பளிச்சென்று மின்னும், தவறவிடாது.

பல்பைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது மின்சாரத்தை உண்பதே இல்லை. பல்பு உண்ணும். வயர் நைந்திருந்தால் மங்கலாக எரிந்து குட்டை உடைத்துவிடும். எல்இடி வகை டெஸ்ட் லேம்பால் இந்தப் பயன் இல்லை.

பல்பு நன்றாக மின்னினால் பழுது மோட்டாரிலோ லாட்சிலோதான். மின்னாவிட்டால் கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வயரைத் தொடர்ந்து ரப்பர் குழாய்க்கே திரும்பிப் போக வேண்டும்.

லாட்சை வெளியே எடுப்பது

பேட்டரியை மறுபடி கழற்றுங்கள். கதவுக்குள் கம்பிகளும் கேபிள்களும் எப்படிப் போகின்றன என்று பல கோணங்களில் படம் எடுங்கள். வெளிக்கைப்பிடியிலிருந்து ஒன்று, சாவித் துளையிலிருந்து ஒன்று, உள்கைப்பிடியிலிருந்து ஒன்று என வரும் இவை, கழற்றிய பின் ஒன்றுபோலவே தெரியும்.

கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைத்தான் புதியவர்கள் அதிகம் உடைக்கிறார்கள். அது இழுத்தால் வராது. கிளிப்பின் ஒரு பக்கம் கம்பியைக் கவ்வியிருக்கும். அந்தக் கவ்வலைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் கம்பியிலிருந்து விடுவித்து, கிளிப்பைக் கால் வட்டம் சுழற்றினால் கம்பி பக்கவாட்டில் தானாக வெளியேறும். கம்பியில் நீளத்தைச் சரிசெய்யும் மரை இருந்தால் அதைத் திருகாதீர்கள். கைப்பிடியின் அளவு கெட்டுவிடும்.

கதவின் விளிம்பில் வழக்கமாக மூன்று டார்க்ஸ் திருகாணிகள். தொழிற்சாலையில் மரைப்பசை போட்டு முடுக்கியவை என்பதால் இலேசில் வராது. பிட்டை முழுவதும் உள்ளே தட்டி உட்காரவைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள். தலை தேய்ந்துவிட்டால் அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும். திருகாணிகள் வந்ததும் லாட்சைச் சற்றுச் சாய்த்து, கண்ணாடி ஓடும் தண்டவாளத்தைச் சுற்றி வெளியே கொண்டுவாருங்கள்.

இப்போது மோட்டாரைத் தனியே சோதிக்கலாம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, நடுவில் ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரால், மோட்டாரின் முனைகளை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பிறகு முனைகளை மாற்றித் தொடுங்கள். இரு பக்கமும் நெம்புகோல் சுறுசுறுப்பாகப் பாய வேண்டும். எந்த முனைகள் மோட்டாருக்கு உரியவை என்பதை வயரிங் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள மற்ற ஊசிகள் குட்டி ஸ்விட்சுகளுக்குப் போகின்றன. அங்கே 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் அவை கருகும்.

மாற்றுவதா, உயிர்ப்பிப்பதா?

மோட்டார் நன்றாக ஓடி லாட்ச் மட்டும் இறுகியிருந்தால், பழைய கிரீஸை வழித்துத் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிளீனரால் கழுவி, வெள்ளை லித்தியம் கிரீஸை அசையும் இடங்களில் மெல்லியதாகப் பூசுங்கள். துருவைத் தளர்த்தும் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள். அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டுத் தானும் உலர்ந்துபோகும். சாவித் துளைக்கு கிரீஸே ஆகாது, கிராஃபைட் தூள் போதும்.

மோட்டார் செத்திருந்தால் முழு ஆக்சுவேட்டரையும் மாற்றுவதே புதியவர்களுக்கு என் பரிந்துரை. பெட்டியைத் திறந்து உள்ளே உள்ள மோட்டாரை மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. ஹோண்டா கார்கள் சிலவற்றில் எஃப்சி-280 என்ற பொதுவான வகை மோட்டார் இருப்பதால் அங்கே இது நடைமுறையில் எளிது. ஆனால் தண்டின் நீளமும் வடிவமும் அச்சாகப் பொருந்த வேண்டும், பழைய மோட்டாரின் பல்லை உருவிப் புதியதில் ஏற்ற வேண்டும், பல பெட்டிகள் திருகாணி இல்லாமல் உருக்கி ஒட்டப்பட்டவை. பிரித்தால் நீர் புகாமல் மறுபடி மூடுவது கடினம். பற்சக்கரம் தேய்ந்த பெட்டிக்கோ மோட்டார் மாற்றியும் பயனில்லை. புதிய உறுப்பு வாங்கும்போது காரின் ஆண்டையும் கதவையும் மட்டும் சொல்லாமல் பழையதன் எண்ணையும் கனெக்டரின் ஊசிகளையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

மூடும் முன்

லாட்சை மாட்டி, கம்பிகளைக் கோத்து, கனெக்டரைச் செருகி, பேட்டரியை இணைத்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், கதவைச் சாத்திப் பார்க்க. சாத்தாதீர்கள். ஒரு கம்பி தப்பாகக் கோத்திருந்தாலும் கதவு உள்ளும் புறமும் திறக்காமல் சிக்கிக்கொள்ளும்.

அதற்குப் பதிலாக, கதவு திறந்தபடியே இருக்க, ஸ்க்ரூடிரைவரால் லாட்சின் கொக்கியை மூடும் பக்கம் தள்ளுங்கள். இரண்டு ‘கிளிக்’ கேட்க வேண்டும். இரண்டாவதுதான் முழுதாக மூடிய நிலை. இப்போது கார் கதவு மூடியதாக நினைத்துக்கொள்ளும். ரிமோட்டால் பூட்டுங்கள். வெளிக்கைப்பிடியை இழுத்தால் கொக்கி விடக் கூடாது. திறந்துவிட்டு இழுத்தால் விட வேண்டும். இதையே உள்கைப்பிடி, சாவி, பின்கதவென்றால் குழந்தைப் பூட்டு என ஒவ்வொன்றிலும் செய்யுங்கள். கடைசியில் கொக்கி விடுபட்ட நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய நிலையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் அது தூணின் வளையத்தில் மோதி நெளியும்.

எல்லாம் சரியென்றால் பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். பழைய பிசினில் மண் படிந்திருந்தால் புதிய பியூட்டைல் பட்டை (ஒட்டும் ரப்பர் பட்டை) போடுங்கள். பலகையை மாட்டும் முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு குவளை நீரை ஊற்றி, அது தாளுக்கு இந்தப் பக்கம் கசியாமல் கதவின் அடித்துளைகள் வழியே போகிறதா என்று பார்த்துவிடுங்கள். வளைந்த கிளிப்புகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியவற்றைப் பலகையில் செருகி, அதன்பின் கதவில் பொருத்தி உள்ளங்கையால் தட்டுங்கள். பழைய கிளிப்புகளோடு மாட்டினால் அடுத்த மேடு பள்ளத்திலிருந்தே பலகை கடகடக்கும்.

பேட்டரி கழற்றிய கார்களில் ஒரே தொடலில் ஏறும் கண்ணாடி அதை மறந்திருக்கலாம். பல கார்களில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, மேலே போன பிறகும் ஸ்விட்சைச் சில நொடிகள் பிடித்தபடி இருந்தால் திரும்ப நினைவுக்கு வந்துவிடும்.